மூன்று பித்துகளும் ஒரு பன்பாயும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே வழங்கி வருகின்றோம். மனிதனிடம் பொழுது மிகுதியாகக் கிடக்கின்றது என்பதும், அதனை எவ்வாறேனும் கழித்துவிட்டாற் போதும் என்பதும் அச்சொல்லினுள் அடங்கிய கருத்துகள். பேராதனைக்கு வந்த புதிதில் நிரப்பிய படிவமொன்றில் ‘பொழுதுபோக்குகள்’ என்ற கட்டத்துக்கு எதிரே நான் மூன்று விடயங்களை எழுதினேன்: யப்பானிய அசைவுப்படம், கணினி, புகைப்படம். அருகிலிருந்து எட்டிப் பார்த்த சிரேஷ்ட மாணவர் ஒருவர், மேலே ஊர்ப்பெயர் இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு, “வரிப்பத்தான்சேனையில யப்பானா?” என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததில் பிழையில்லை. ஆயின் அம்மூன்றும் என் பொழுதைப் போக்கியவை அல்ல. அவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தின்ற கதையொன்று உண்டு. அதனை இவ்விதழில் எழுதுவது பொருந்துமோ என்று நெடுநாள் தயங்கிய பின்னரே எழுதத் துணிந்தேன்.

எங்களூர் அம்பாறை மாவட்டத்தில் இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கியது. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று கடலோரத்தில் நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களைப் போலன்றி, கடலைக் காணாது வயலையும் குளத்தையும் நம்பி வாழும் ஊர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர் இப்பகுதி வேளாண்மையின் போக்கே மாறிவிட்டது என்று எங்கள் முதியோர் கூறுவர். கரையோரத்து உறவினர் எங்களைச் சற்றே ‘காட்டுப் பக்கத்தார்’ என்று கருதுவதுண்டு. நாங்களும் அவர்களைக் காற்று வாங்கப் பிறந்தவர்கள் என்று கருதுவதுண்டு. கணக்கு அத்துடன் நேர்.

யப்பான் எங்கள் வீட்டுக்கு வந்தது கூரையில் ஏறிய கிண்ண அன்ரெனாவின் வழியாகத்தான். டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசிக்கொண்டு வந்தார்கள். அத்தமிழ் சென்னைத் தமிழ் என்பதும், அவர்கள் பிறந்த நாடு யப்பான் என்பதும் எனக்கு அக்காலத்தில் தெரியாது. தமிழகத்தில் எங்கோ, தட்டைக் கூரையும் நகரும் கதவும் உள்ள ஓர் ஊர் இருக்கின்றது என்றே நம்பியிருந்தேன். பின்னர், 2016 இல் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த காக்கா பழைய மேசைக் கணினியொன்றை வாங்கித் தந்தார். கையடக்கமான கெனன் கமராவொன்றும் கொண்டுவந்தார். அவற்றோடு அவரது நண்பரொருவர் பென்டிரைவில் இட்டுத் தந்த ‘நருட்டோ’ தொடரும் வந்து சேர்ந்தது. மூன்று பித்துகளும் ஒரே வாரத்தில் பிடித்தன என்று சொல்லவேண்டும்.

அனிமே என்றால் சிறுவர் படம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. விரிவுரையாளர்களிடமும் அஃது இல்லாமலில்லை. அவர்களுக்கு நான் வழமையாகக் கூறும் மறுமொழி ஒரு பெயர்தான்: ‘மின்மினிகளின் கல்லறை’. 1988 இல் இசாவோ தகஹாத்தா இயக்கிய அப்படம், 1945 இல் கோபே நகரின் மீது தீக்குண்டுகள் வீழ்ந்த பின்னர் தாயை இழந்த சிறுவனும் அவனுடைய தங்கையும் பசியால் மெல்ல அழிவதைக் காட்டுவது. அகியுக்கி நொசாக்கா 1967 இல் எழுதிய சிறுகதையே அதன் மூலம். அதனை விடுதி அறையில் மருதமுனை நண்பன் ஒருவனோடு இருந்து பார்த்தேன். படம் முடிந்ததும் அவன் எதுவும் கூறவில்லை. நெடுநேரங் கழித்து, “எங்கட வீட்டில 2004 க்கு முந்தின ஒரு போட்டோவும் இல்ல, தெரியுமா?” என்றான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த டிசெம்பர் 26, அவர்களது கலியாண அல்பங்களையும் கொண்டுபோயிருந்தது. உயிர்களைப் பற்றிப் பேசுகையில் படங்களைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றும். ஆனால் அவன் அழுதது அல்பத்துக்காகவே.

அனிமேயின் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓவியம் வரைவதெனில் எந்தத் தொலைக்காட்சி நிலையமும் தாங்காது. 1963 இல் ஒசாமு தெசூக்கா தமது ‘அஸ்ட்ரோ போய்’ தொடரைத் தொடங்கியபோது ஓவியங்களின் தொகையை வெட்டினார். ஓர் ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைத்தால் விநாடிக்கு எட்டு ஓவியம் போதும். உதடு மட்டும் அசையும். பின்னணி மட்டும் நகரும். பாத்திரம் அசையாது நின்று யோசிக்கும். வறுமையிற் பிறந்த அவ்வழக்கம் காலப்போக்கில் ஓர் அழகியலாகவே மாறிவிட்டது. ஏழ்மை பாணியாவது நமது நாட்டார் கலைகளிலும் காண்பதொன்றுதான். அதனை ஆராய்வது நாட்டாரியல் பயிலும் நண்பர்களின் வேலை.

என்னை முழுதாக ஆட்கொண்டவர் மகோத்தோ ஷின்கய். 2002 இல் வெளிவந்த ‘தொலைதூர நட்சத்திரத்தின் குரல்கள்’ என்ற 25 நிமிடப் படத்தை அவர் பெரும்பாலும் தனியொருவராக, வீட்டிலிருந்த கணினியிலேயே செய்து முடித்தார். நூற்றுக்கணக்கானோர் கூடிச் செய்யும் தொழில் என்று கருதப்பட்டதை ஒருவர் செய்தார். தாம் காணும் தெருக்களையும் நிலையங்களையும் புகைப்படமெடுத்து, அவற்றை அடிப்படையாகக் கொண்டு பின்னணி வரைவது அவரது முறைகளுள் ஒன்று. அனைத்திலும் மேலாக, அவர் பல்கலைக்கழகத்திற் பயின்றது பொறியியலோ ஓவியமோ அன்று, யப்பானிய இலக்கியம்! கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இதனிலும் பெரிய ஆறுதல் வேறு என்ன வேண்டும்? ஓர் இலக்கிய மாணவன், ஒரு கணினி, ஒரு கமரா. என்னிடம் இம்மூன்றும் இருந்தன. எனவே நானும் ஒரு படம் செய்யப் புறப்பட்டேன்.

இறக்காமக் குளத்திலிருந்து கொக்கொன்று எழுந்து பறக்கவேண்டும், மூன்று விநாடி, 24 ஓவியங்கள். கிறிதா என்னும் இலவச மென்பொருளில் தொடங்கினேன். பத்தாவது ஓவியத்தில் கணினி உறைந்துபோகும். மீண்டும் தொடங்குவேன். அது 2022 ஆம் ஆண்டின் தொடக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தேன். நாட்டில் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளைக்கு விதித்த தடையால் எங்கள் வட்டையில் நெல் பாதியும் தேறவில்லை. மார்ச் 31 ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம். எப்பொழுது வெட்டுவார்கள் என்ற அட்டவணை பத்திரிகையில் வரும். ஆனால் அட்டவணைக்கும் விளக்குக்கும் இடையில் உறவு அவ்வளவு நெருக்கமானதன்று. பதினெட்டாவது ஓவியத்தில் கொக்கின் கால்கள் நீரை விட்டு எழுந்த வேளையில் எல்லாம் இருண்டது. சேமிக்கவில்லை. அந்தக் கொக்கு இன்றுவரை எழவில்லை.

கணினி தரும் துன்பங்களைக் கலைப்பீட மாணவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம்மவர் யாவரும் அறிந்த துன்பம் பாமினி எழுத்துருவால் வருவது. வீட்டுக் கணினியில் பாமினியில் தட்டச்சிட்ட ஒப்படையைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று இன்னொரு கணினியில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லையெனில், தமிழ் இலக்கிய வரலாறு முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக உருமாறி நிற்கும். கணினியைப் பொறுத்தமட்டில் நாம் எழுதியது ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவத்தை முகமூடியாக மாட்டியிருக்கின்றோம், அவ்வளவே. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனவே தனி எண்கள் உண்டு, முகமூடி வேண்டியதில்லை. ஆயினும் நம் அச்சகங்கள் பலவும் பாமினியை விட மறுக்கின்றன. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி நான் எழுதிய முதலாவது ஒப்படை, சமர்ப்பிக்கும் நாளன்று காலையில் இவ்வாறு உருமாறியதும், அதனை மீளத் தட்டச்சிட விடுதித் தோழர் மூவர் ஆளுக்கு ஐந்து பக்கமாகப் பகிர்ந்துகொண்டதும் என்றும் மறவேன். மூவருள் ஒருவர் சிங்கள மாணவர். அவர் தேநீர் ஊற்றினார்.

இனிப் புகைப்படத்துக்கு வருவோம்.

நம் நாட்டுக்கு இக்கலையில் நெடிய மரபு உண்டு. விக்டோரியா காலத்துப் புகழ்பெற்ற கலைஞர் ஜூலியா மார்கரட் கமரொன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். 1944 இல் மறைந்த லயனல் வென்ட் சட்டமும் பியானோவும் பயின்றவர். ஆயினும் ஒளியையும் நிழலையும் கொண்டு இந்நாட்டு மனிதரின் உடலையும் உழைப்பையும் அவர் பதிவுசெய்த விதத்துக்கு ஈடாக இன்றுவரை ஒன்றும் தோன்றவில்லை என்பது என் எண்ணம். அவரது எதிர்ப்படிகள் அவரது மறைவின் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டன என்று நூலகத்தில் வாசித்தபோது, அதே மேசையில் எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்க்கும்படி ஏதோ சத்தமிட்டிருக்கிறேன். ஏன் என்பது பின்னர் விளங்கும்.

எனது மூத்தம்மா பன்பாய் இழைப்பதில் ஊரறிந்த கைகாரி. குளத்தோரத்துப் பன்னை அறுத்துவந்து, காயவைத்து, கிழித்து, சிவப்பும் பச்சையுமாகச் சாயத்தில் அவித்து, முன் விறாந்தையில் குந்தியிருந்து இழைப்பார். படம் பிடிப்பது அவருக்கு ஆகாது. உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குதல் தகாது என்று சிறுவயதில் ஓதித்தந்தவர் கூறியதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டவர். கலியாண வீடுகளில் கமராக்காரர் வந்தாற் சமையற்கட்டுக்குப் போய்விடுவார். வாழ்நாளில் அவர் மனமறிந்து எடுத்துக்கொண்ட படம் அடையாள அட்டைக்கானது மட்டுமே. அது அரசாங்கத்தின் பாவம், தனதல்ல என்பார்.

2017 ஆம் ஆண்டில், நோன்புக்கு முந்திய ஒரு பிற்பகலில், நான் கமராவோடு விறாந்தையில் சுற்றிச்சுற்றி நின்றதைக் கண்டு அவருக்கு என்ன தோன்றிற்றோ தெரியாது. தலையை நிமிர்த்தாமலே, “மூஞ்ச எடுக்காத மனே. கைய எடுத்துக்க” என்றார்.

பதினொரு படங்கள் எடுத்தேன். விறாந்தையில் வெளிச்சம் போதாது. கமரா தானாகவே மூடுவேகத்தைக் குறைத்துவிட்டது. அவரது விரல்களோ நிற்கவில்லை. ஒரு பன்னைத் தூக்கி, ஒன்றைத் தாழ்த்தி, விளிம்பிலே மடித்துத் திருப்பும் அந்த வேகத்தில் ஏழு படங்கள் கலங்கிப்போயின. அன்று எனக்கு அஃது ஏமாற்றமாயிருந்தது. “கொஞ்சம் நிப்பாட்டுங்களன் மூத்தம்மா” என்று கேட்டேன். “நிப்பாட்டினா அது என்ட கையில்ல” என்றார். உண்மையைச் சொல்வதானால் பன்னிரண்டாவதாக ஒரு படமும் எடுத்தேன், களவாக, முகத்தோடு. அன்றிரவே அதனைக் கமராவில் வைத்தே அழித்துவிட்டேன். அவர் அறியமாட்டார். மற்றப் பதினொன்றையும் கணினியில் ஏற்றினேன். 2018 இல் அவர் மௌத்தானார். அடையாள அட்டையும் மரணப் பதிவோடு கிராம உத்தியோகத்தரிடம் போய்விட்டது.

2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250 க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில், எங்கள் உறவினர் வாழும் ஊரில், வீடொன்றில் வெடித்தது. அக்கொடுமையைச் செய்தவர்கள் எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்களைத் தாங்கியவர்கள். இறந்தோரை எண்ணித் துயருறுவதற்கே எங்களுக்கு உரிமையுண்டோ என்ற கூச்சத்தோடு நாங்கள் இருந்தோம். ஊரடங்கு, சமூக வலைத்தளங்கள் முடக்கம், வீடுவீடாகத் தேடுதல். ஊரில் பலரும் அறபெழுத்துள்ள நூல்களைக்கூட அஞ்சி அப்புறப்படுத்தினர். சமையற் கத்தியை எங்கே வைப்பது என்று உம்மாவும் மாமியும் விவாதித்தனர். 29 ஆம் திகதி முதல் முகத்தை மறைப்பதற்கு அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ்த் தடை வந்தது.

அதற்கு மறுநாள் மாலை வாப்பா என் மேசையடிக்கு வந்தார். கணினியின் திரை முழுவதும் நருட்டோவின் ஆசான் ககாஷி நின்றுகொண்டிருந்தார்: மூக்குவரை மறைத்த முகமூடி, நெற்றியிற் கட்டிய பட்டி, அதிலே பொறித்த சின்னம், சுற்றிலும் யப்பானிய எழுத்து. மேசையில் என் வரைபுக் கொப்பி. அதில் வாளும் கத்தியும் ஏந்திய இருபது முப்பது பேர்.

வாப்பா நெடுநேரம் பார்த்தார்.

“இது என்ன எழுத்து மகன்?”

“யப்பான் எழுத்து வாப்பா.”

“வாறவங்களுக்கு அது யப்பான் எண்டு தெரியுமா?”

எனக்கு அப்போது பதினாறு வயது. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்துச் சென்று அடுப்பில் இட்டார். மறுநாள் ஊரடங்கு தளர்ந்த நேரத்தில், கணினியை ஒரு பழைய சாரனில் சுற்றி முச்சக்கரவண்டியில் ஏற்றி, அறிந்த ஒரு கடைக்குக் கொண்டுபோனார். மாலையில் அது துப்புரவாகத் திரும்பி வந்தது. புதிதாகப் போட்ட விண்டோஸ் 7, நீல வானம், வேறொன்றுமில்லை. ககாஷி இல்லை. பதினொரு படங்களும் இல்லை. படங்களை நான் வேறெங்கும் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அவற்றைப் பற்றி வாப்பாவுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நொந்திருப்பார் என்பதனால் அன்று. சொல்லாமலிருப்பதனால் அவர் மீது கோபம் கொள்ளும் உரிமை என்னிடமே முழுதாக நிற்கும் என்பதனால். அதனை நான்கைந்து ஆண்டுகள் செலவின்றிப் பேணினேன். வயலுக்குப் பசளை சுமக்க அழைத்தாற் போவேன். ஆனால் அவரோடு பேசமாட்டேன். அக்காலத்தில் ஒருநாள் குளக்கட்டில் நின்று நீர்க்காகங்களைப் படமெடுக்கையில், கடமையிலிருந்த ஒருவர் வந்து கட்டை ஏன் எடுக்கின்றாய் என்று வினவி, கமராவை வாங்கிப் படங்களைப் பார்த்துவிட்டுத் தந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆயினும் அதன் பின்னர் கமராவை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

கமரா போனபின் எஞ்சியது அனிமே. ககாஷி போனாலும் வேறொன்று கிடைக்காமலா போகும்? கைத்தொலைபேசி நிறுவனங்கள் இரவு பன்னிரண்டு மணி முதல் காலை எட்டு மணிவரை மலிவாக இணையம் தந்தன. அந்நேரத்தில் விழித்திருந்து ‘வன் பீஸ்’ தொடரைப் பதிவிறக்கத் தொடங்கினேன். 1999 இல் தொடங்கிய அத்தொடர் ஆயிரத்து நூறு பாகங்களையும் தாண்டிவிட்டது; முடிவதாயில்லை. 2023 இல் பல தொடர்கள் தமிழிலேயே குரல்கொடுத்து இணையத்தில் வெளிவரத் தொடங்கின. ஆனால் நான் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை வாசித்துப் பார்த்தே பழகியவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தின் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. பதிவிறக்கிய பாகங்கள் ஒன்றொன்றாக 320 ஜிகாபைட் வன்தட்டில் நிறைந்துகொண்டே போயின. முந்நூறு பாகங்கள்வரை சேர்த்தேன். மற்றவர் வங்கியில் பணம் சேர்ப்பதைப் போன்ற பெருமிதத்தோடு அவற்றின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வேன்.

பேராதனைக்கு வந்து ஓராண்டு கழிந்த பின்னர், 2024 இல், பொறியியற் பீட நண்பர் ஒருவரிடம் கதைவாக்கில் இதனைச் சொன்னேன். அவர் உடனே கேட்ட கேள்வி: “அந்த வன்தட்டு இன்னும் இருக்கா?”

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட முறையில் எழுதுகின்றேன். நம் நூலகத்தில் முன்பு அட்டைப் பட்டியல் இருந்தது. எந்த நூல் எந்த அடுக்கில் உண்டு என்பதை அட்டை சொல்லும். ஒருவன் வந்து அட்டைகளை மட்டும் கொளுத்திவிட்டால் நூலகம் வெறுமையானதாகத் தோன்றும். ஆயின் நூல்கள் அடுக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். விண்டோஸை மீள நிறுவும்போது வழமையாகச் செய்யும் விரைவு அழிப்பும் இத்தகையதே. அஃது அட்டைகளை அழிக்கின்றது, நூல்களைத் தொடுவதில்லை. நூல் உண்மையில் அழிவது, வெற்றிடம் என்றெண்ணி வேறொரு நூலை அவ்விடத்தில் வைக்கும்போதுதான். அதுவரை, ஒவ்வொரு படக்கோப்பும் தனக்குரிய அடையாளக் குறியோடு தொடங்குமாதலால், அக்குறியைத் தட்டின் நெடுகத் தேடிப் பொறுக்கியெடுக்கலாம். அதற்கென ‘போட்டோரெக்’ என்றோர் இலவச மென்பொருளும் உண்டு.

அவ்விடுமுறைக்கு மகியங்கனைப் பாதையின் வளைவுகளையெல்லாம் இறங்கி ஊர் போய்ச் சேரும்வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. கணினியைத் திறந்து வன்தட்டைக் கழற்றினேன். விடுமுறை முடிந்ததும் அதனை உடுப்புகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்தேன். நண்பரின் அறையில் மென்பொருள் ஓர் இரவும் அரைப் பகலும் ஓடிற்று. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை வெளிக்கொணர்ந்தது. பெரும்பாலானவை இணையத் தளங்களின் சிறு சின்னங்கள், பொத்தான்கள், விளம்பரத் துண்டுகள், பெயரற்று எண்களால் மட்டும் குறிக்கப்பட்டவை. ககாஷி நாற்பது தடவை எழுந்து வந்தார். பெருநாள் படங்கள் சில வந்தன. காக்காவின் கடவுச்சீட்டுப் பிரதி வந்தது. மூன்று இரவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

மூன்றாம் இரவில் விறாந்தையின் சுவர் தெரிந்தது.

பதினொன்றில் ஒன்று, அதிலும் மேற்பாதிக்குச் சற்றுக் கூடுதலான பங்கு. சாம்பல் நிறக் கட்டங்கள் தொடங்குமுன்னர் சுவரும், நீலச் சேலையின் மடிப்பும், வலக்கையின் மணிக்கட்டும், விரல் மொளிகளும் இருந்தன. விரல்கள் இல்லை. பாய் இல்லை. இவ்வகைக் கோப்பில் படம் மேலிருந்து கீழாக எழுதப்படுகின்றது. பின்பகுதி அழிந்திருந்தால் கீழ்ப்பகுதி கிடைக்காது. கலங்கிய ஏழில் ஒன்றுதான் அது. மொளிகளின் விளிம்புகூடத் தெளிவில்லை.

நண்பர் விடவில்லை. சாம்பல் தொடங்கும் அவ்விடம் தட்டில் இப்போது எந்தக் கோப்புக்கு உரியதாயுள்ளது என்று தேடிப் பார்த்தார். கடைக்காரர் நிறுவிய விண்டோஸ் அன்று. ‘வன் பீஸ்’, 217 ஆம் பாகம். மற்றப் பத்துப் படங்களும் அதனை அடுத்தடுத்த இடங்களிலேயே இருந்திருக்கவேண்டும் என்றார். அங்கெல்லாம் 218 உம் 219 உம் இருந்தன. நான் நள்ளிரவில் விழித்திருந்து, எண்ணிக்கை பார்த்துப் பூரித்து, ஒவ்வொன்றாக இட்டவை.

ஆகவே 2019 மே மாதத்தில் அப்படங்கள் யாவும் அவ்வன்தட்டில் இருந்திருக்கின்றன. வாப்பா அவற்றை அழிக்கவில்லை. அவர் கொளுத்தியது அட்டைகளை மட்டும். ஓராண்டு, ஒருவேளை இரண்டாண்டு, அவை என் காலடியிலிருந்த பெட்டிக்குள் முழுமையாக இருந்தன. அக்காலம் முழுவதும் நான் அவரோடு பேசாமலிருந்தேன்.

இதனை அவரிடம் எவ்வாறு சொல்வது என்று இவ்வாண்டு வரை எனக்குத் தெரியவில்லை. கடந்த விடுமுறையில் மடிக்கணினியை விறாந்தையில் வைத்து அப்படத்தைத் திறந்தேன். வாப்பா வட்டையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அருகே வந்து குனிந்து பார்த்தார். யாரென்று நான் கூறவில்லை. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “எங்கட உம்மாட கைதானே” என்றார். பின்பு, “மிச்சம் எங்க?” என்று கேட்டார். சொன்னேன். முதலிலிருந்து, கொப்பியிலிருந்து, 217 ஆம் பாகம்வரை சொன்னேன். பாதி அவருக்கு விளங்கியிருக்காது. “நான் அண்டைக்கு அவசரப்பட்டுட்டன்” என்றார். இல்லை வாப்பா, அதுவல்ல நான் சொல்ல வந்தது என்று மீண்டும் நூலகத்தையும் அட்டையையும் விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும், “எண்டாலும் நான் அவசரப்பட்டுட்டன்தான்” என்றார். அதற்குமேல் அவரை மாற்ற முடியவில்லை.

இப்பொழுது அச்சாம்பல் நிறப் பகுதியை வரைந்து நிரப்ப முயன்றுகொண்டிருக்கின்றேன். ஷின்கய் புகைப்படத்தை வைத்து வரைவதுபோல என்று சொல்லிக்கொண்டாலும், என்னிடமுள்ளது பாதிப் புகைப்படம். கைகளை வரைவது ஓவியத்தில் மிகக் கடினமானது என்பர். விரல்கள் ஐந்தாறு தடவை கோணலாகி, இப்போது ஒருவாறு அமைந்துள்ளன. பாயின் விளிம்பைத்தான் பிடிக்க முடியவில்லை. போன கிழமை உம்மா தேநீரோடு வந்து தோளுக்கு மேலால் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“அந்தப் பன் மேலால போறல்ல மகன். கீழால எடுத்து மடக்கித்தான் போறது. அழிச்சுட்டுக் கீறு.”